காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிகளில் 400 மீட்டர் டிராக்: கண்டதும் கற்றதும்

முதல் பதிவு
தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் டிராக் (ஓட்டத்தளம்) போடப்போவதாகச் சொல்லி, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின்கீழ் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. அத்தனை பிள்ளைகளும் தினம் காரைக்குடி வந்து பயிற்சி எடுக்க முடியாது. தடகளம் வளர வேண்டுமென்றால் ஒவ்வொரு கல்லூரியிலும் ஓடுகிற மாதிரி தரை வேண்டும்.

முதல் செலவைத் தண்ணீர் வடிவதற்குச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் டிராக் ஓடை ஓடையாக அரிக்கும். உள்பக்கச் சாய்வு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. 8 லேன் (ஒருவர் ஓடும் தடம்) சேர்ந்தால் 9.76 மீட்டர் அகலம். அப்படியென்றால் வெளி ஓரம் 9.7 சென்டிமீட்டர்தான் உயரலாம். கர்ப் (டிராக்கின் உள்ஓர விளிம்புக்கட்டு) ஓரமாக வாய்க்கால், அதன் முடிவில் வண்டல் தேங்க ஒரு தொட்டி, பிறகுதான் ஊருணிக்கு விட வேண்டும். தொட்டி இல்லாமல் விட்டால் ஊருணி மேடாகும். சிந்தெடிக் (செயற்கை ரப்பர் பரப்பு) போட்ட பிறகு ரப்பர் துகளும் அதில்தான் போய்ச் சேரும்.

பதில்
அண்ணன் சொன்னதோடு அளவையும் சேர்க்கிறேன், பலரும் தவறுவது இங்கேதான். வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி 84.39. முதல் லேனின் நீளத்தைக் கர்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், மற்ற லேன்களை உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பார்கள். இதை மறந்து எல்லாவற்றுக்கும் 30 வைத்தால், 400 மீட்டரில் 2ஆம் லேன் ஸ்டாகர் (வெளி லேனில் ஓடுகிறவரை முன்னால் தள்ளி நிறுத்தும் தூரம்) 7.04 மீட்டருக்குப் பதில் 7.67 வரும். அந்த லேனில் ஓடுகிறவருக்கு 63 சென்டிமீட்டர் சும்மா கிடைத்துவிடும்! சரியான கணக்கில் 3ஆம் லேன் 14.70, 8ஆம் லேன் 53.03.

துணி டேப் இழுபடும், வேண்டாம். ஸ்டீல் டேப்பையும் விடியற்காலையில் பிடியுங்கள். டேப்பின் அளவு 20 டிகிரிக்குச் சரிபார்க்கப்பட்டது. 35 டிகிரி வெயிலில் 400 மீட்டருக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் பிசகும். அனுமதிக்கப்படுவதே 4 சென்டிமீட்டர் கூடுதல்தான், குறைவு அறவே கூடாது.

பதில்
மண் டிராக்கை முதல் நாள் மாலை நனைத்து, காலையில் அரை ஈரத்தில் ரோலர் ஓட்டுங்கள். சொதசொதவென்று இருந்தால் மண் ரோலரில் ஒட்டிப் பெயரும், காய்ந்திருந்தால் புழுதிதான். கோடு போட நீற்றிய சுண்ணாம்பு மட்டும். நீற்றாதது பிள்ளைகளின் தோலையும் கண்ணையும் சுடும், இதில் விளையாட்டு வேண்டாம்.

சிந்தெடிக் போடுவதானால், தார்த்தளம் முடிந்ததும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். 20 நிமிடம் கழித்தும் நிற்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதைச் சரிசெய்த பிறகே மேல்பூச்சுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பூசியபின் குழியைத் திருத்துவது பெரும்பாடு. ஸ்பைக்கும் (ஓட்டக் காலணியின் ஆணி) 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது (உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12). மண்ணில் ஓடிய நீள ஆணிகளோடு ஏறினால் பரப்பு கிழியும்.

பதில்
பணம் குறைவென்றால் தாண்டுகுழியிலும் எறிவட்டத்திலும் தொடங்கலாம் சார். நீளம் தாண்டும் குழியின் கடைசி ஓரம், எகிறும் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் இருக்க வேண்டும். மணல் மட்டம் ஓடுபாதை மட்டத்துக்குச் சமமாக இருக்கட்டும். தாழ்ந்தால் தாண்டிய தூரம் பொய்யாகக் கூடும். குண்டு எறிவட்டம் 2.135 மீட்டர் விட்டம், தளம் விளிம்பைவிட 2 சென்டிமீட்டர் தாழ்வு. வழவழவென்று பூசாமல் மட்டக்கட்டையால் சொரசொரப்பாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் மழைநீர் தேங்கும் என்பதால் வடிய ஒரு சிறு துளையைக் கான்கிரீட் போடும்போதே விட்டுவிடுங்கள்.