தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர்: வைக்கலாமா, வேண்டாமா?

கல்லிடை மகள்:
அம்மாவுக்கு 74 வயது. கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள், நான் கோயம்புத்தூரில். அம்மாவுக்குக் கண்ணில் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். காலை ஏழு, இரவு ஏழு என்று சொட்டு மருந்து விட்டே ஆக வேண்டும். போன ஆனி மாதம், வாயால் கேட்டால் பதில் சொல்கிற ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, அடுக்களை வாசல் பக்கத்து மாடக்குழியில் வைத்தேன்.

முதல் நாள் அம்மா அதைப் பார்த்து, "மணி என்னம்மா ஆகுது?" என்று கேட்டாள். அது சும்மா இருந்தது. மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழ் இல்லை. அப்புறம் ஒரு நோட்டில் தமிழ் எழுத்திலேயே, பெரிதாக, நாலு வரி எழுதி, முன்னால் 'அலெக்சா' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன்: வாட் டைம் இஸ் இட், ப்ளே முருகன் சாங்ஸ், கால் மை டாட்டர், ஸ்டாப். இரண்டு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது பூக் கட்டும்போது, கையில் ஈர வாழைநாரோடு, தலையைத் திருப்பாமல் மணி கேட்கிறாள். ஏழு மணிக்கு அது மருந்தை ஞாபகப்படுத்துகிறது. சொட்டு மருந்து தவறுவதில்லை.

அண்ணன் வேண்டாம் என்கிறான். அது வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்குமாம். நான் சொல்வது இதுதான்: இனி தேடல் எல்லாம் குரலில்தான் நடக்கப் போகிறது. சின்ன எழுத்து தெரியாத கண்ணுக்கு வேறு வழி என்ன?

பாளை ஆசிரியர்:
அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. மருந்து தவறவில்லை என்றால் அது பெரிய காரியம்தான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த நோட்டை நினைத்தால் மனசு ஆறவில்லை. தன் வீட்டு அடுக்களையில் நின்று மணி கேட்க, 74 வயதில் வேற்று மொழியை மனப்பாடம் செய்ய வேண்டுமா? அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் அமெரிக்காவில் வந்தது 2014-ல், இந்தியாவுக்கு வந்தது 2017-ல். 2019-ல் அது இந்தி பேசத் தொடங்கியது. நாம் ஆங்கிலத்திலேயே கேட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தால், தமிழுக்கு இப்போது என்ன அவசரம் என்றுதான் செய்கிறவர்கள் நினைப்பார்கள்.

தேடல் எல்லாம் குரலில்தான் என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 2014-ல், அப்போது சீனத் தேடல் நிறுவனமான பைடுவில் இருந்த கணினி விஞ்ஞானி ஆண்ட்ரூ இங், ஐந்து ஆண்டுகளில் தேடல்களில் பாதியாவது பேச்சிலோ படத்திலோ நடக்கும் என்றார். ஆளுக்கு ஆள் எடுத்துச் சொல்லும்போது 'படத்திலோ' என்ற வார்த்தை கழன்று விழுந்தது, '2020-க்குள் பாதித் தேடல் குரலில்' என்று ஆகிவிட்டது. 2020 போய் எத்தனை வருஷம் ஆயிற்று? பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பாருங்கள். விரலால்தான் தேடுகிறார்கள்.

ஒலிப்பொறி:
அண்ணாச்சி, ஸ்பீக்கர் பெட்டியில் தமிழ் இல்லை என்பதை வைத்துக் குரல் தேடலுக்கே தமிழ் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கூகுள் 2017-லேயே போனில் தமிழில் குரலால் தட்டச்சு செய்ய வழி கொடுத்துவிட்டது. பேச்சை எழுத்தாக்குவது என் தொழில், அதனால் சிக்கல் எங்கே என்று சொல்கிறேன்.

இயந்திரம் பழகும் தமிழில் பெரும்பங்கு, ஆட்கள் எழுத்தைப் பார்த்து வாசித்த தமிழ். பொதுமக்களிடம் குரல் பதிவு சேர்க்கிற மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில், பெரும்பாலும் திரையில் வரும் வாக்கியத்தைப் பார்த்து வாசித்துத்தான் குரல் கொடுக்கிறோம். நம் திருநெல்வேலிப் பக்கம் யார் அப்படிப் பேசுகிறார்கள்? சென்னையில் 'கேக்கறேன்' என்பதை நாம் 'கேக்கேன்' என்போம். 'சொல்றேன்' இங்கே 'சொல்லுதேன்'. காலம் காட்டுகிற அசையே மாறுகிறது. நான் சோதித்தபோது 'பாக்கேன்' என்று சொன்னதைப் பாக்கு என்று எழுதியது.

இந்திய மொழிகளுக்காக வேலை செய்கிற சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 மொழிகளில், மாவட்டம் மாவட்டமாக, பெரும்பாலும் ஆட்கள் இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்து திறந்து வைத்திருக்கிறது. அந்த மாதிரிப் பதிவு கூடக்கூடத்தான் கல்லிடை அம்மாவின் 'மணி என்னம்மா ஆகுது'க்கு நம்பிப் பதில் எதிர்பார்க்கலாம். நாமும் குரல் கொடுக்கலாம், குறிப்பாக வயசானவர்கள்.

பிசானம்:
மொழி புரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது வேறு.

நமக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஐப்பசியில் நாற்றுப் பாவுவதற்கு முன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பாபநாசம் அணை எத்தனை அடி? முழு மட்டம் 143 அடி. வயலில் கை நிறையச் சேறு, அதனால் பையன் போனைப் பிடித்துக்கொள்ள நான் வாயால் கேட்டேன். நான் கேட்டதை ஒரு எழுத்து பிசகாமல் புரிந்துகொண்டது. நூற்றுப் பத்து அடிக்கு மேல் என்று தெளிவாகப் பதிலும் சொன்னது. வரப்பில் நின்ற நாலு பேரிடம் நானும் சொன்னேன். சாயங்காலம் டீக்கடையில் பேப்பரைப் பார்த்தால் அவ்வளவு இல்லை. அது வாசித்தது முந்தின வருஷச் செய்தி.

திரையில் பார்த்திருந்தால் தேதி கண்ணில் பட்டிருக்கும். கீழே வேறு நாலு செய்தியும் தெரியும், ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன். காதில் வருவது ஒரே பதில். அதற்குத் தேதி இல்லை, சொன்னது யார் என்றும் இல்லை. நம் ஆட்களிடம் அணை மட்டம் சொன்னால், "யாருவே சொன்னா, எப்பம் பாத்தே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இதனிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு தெளிவாகச் சொன்னது.

வெள்ளைக்கோல்:
பிசானம் அண்ணாச்சி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் 'திரையில் பார்த்திருந்தால்' என்கிற வார்த்தை எனக்கு இல்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவன்.

தேடினால் உங்களுக்குப் பத்து இணைப்பு ஒரே பார்வையில் கிடைக்கும். நான் ஒவ்வொன்றாகக் காதால் தாண்ட வேண்டும். நடுவில் விளம்பரம், நடுவில் 'மேலும் படிக்க'. ஒரு பக்கத்தைக் கேட்டு முடிப்பதற்குள் கேட்ட காரியம் மறந்துவிடும். ஒரே பதில் வருகிறபோது எனக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று கண் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இரவில் மணி பார்க்க யாரையும் எழுப்ப வேண்டாம். இருபது வயது வரை நான் எழுப்பித்தான் கேட்டேன்.

அதனால் இதை ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். தேதியையும் பத்திரிகையின் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்போம். 'இன்ன பத்திரிகை, இன்ன நாள்' என்று இரண்டு நொடி ஆகும். அது உங்களைவிட எனக்குத்தான் அதிகம் தேவை, ஏனென்றால் நான் திரும்பிச் சரிபார்க்க முடியாது.

பாளை ஆசிரியர்:
தம்பி, நீங்கள் சொன்னதற்கு மறுப்பு இல்லை. விரலால்தான் தேடுகிறார்கள் என்று எழுதியபோது உங்களை நினைக்கவில்லை. தப்புதான்.

ஆனால் ஒட்டுக் கேட்பதைப் பற்றி அந்த அண்ணன் சொன்னதை விட்டுவிடக் கூடாது. எக்கோ ஸ்பீக்கரில் பதில் சொல்கிற அலெக்சாவிடம் பேசிய பதிவுகளில் சிலவற்றைச் சம்பளத்துக்கு ஆட்கள் கேட்டு எழுதுகிறார்கள் என்பது 2019-ல் வெளியே வந்தது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த வழக்கில் 2023-ல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் தட்டிக் கேட்க ஒரு அமைப்பு இருந்தது. நம் நாட்டிலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அம்மாவின் பேரில் கணக்கைத் திறந்து, 'சம்மதம்' என்று அமுக்கியது யார்? மகள்தானே.

ஒலிப்பொறி:
நியாயமான கேள்வி. ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: 'அலெக்சா' என்கிற எழுப்பும் சொல்லுக்காகப் பெட்டி எப்போதும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்த வேலை பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. அந்தச் சொல் விழுந்த பிறகுதான் பேச்சு வெளியே போகும். டிவியில் அது மாதிரி ஒரு சொல் வந்தாலும் தவறாக விழித்துக்கொள்ளும், அது உண்மை. மேலே மைக்கை அணைக்கும் பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். பழைய பதிவுகளை ஆப்பில் அழிக்கலாம். கல்லிடை மகள், இன்றே போய் அழியுங்கள்.

நயினார்குளம் கடை:
2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் சொல்லவில்லையே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே கரண்ட் இல்லை, டவர் இல்லை. எங்கள் வீட்டு ஸ்பீக்கரும் போனும் ஒன்றாகச் செத்தன. அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரில் இரண்டு பேட்டரி போட்டு, திருநெல்வேலி வானொலியைத்தான் கேட்டோம். ஸ்பீக்கர் வைக்கிறவர்கள் வையுங்கள். பக்கத்தில் ஒரு ரேடியோவும், பெரிய எழுத்தில் நாலு போன் நம்பரும், பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் இருக்கட்டும்.

கல்லிடை மகள்:
ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்மதம் அமுக்கியது நான்தான், கேட்கவே இல்லை. முதல்முறையாகக் கேட்டேன். பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். அம்மாவின் குரலில் ப்ளே முருகன் சாங்ஸ் இருந்தது. ஒன்றில் பக்கத்து வீட்டு மைனி தன் மகள் வீட்டு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் நின்றது. அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

எல்லாவற்றையும் அழித்தேன். எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், மருந்துக்கு இருக்கட்டும் என்றாள். பொத்தான் எது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். நேற்று வீடியோ காலில் மாடக்குழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மைனி வந்திருக்காம்மா, அவ வீட்டுக் கத அவளுதுல்லா. அவ போன பொறவு போட்டுக்கிடுதேன்" என்றாள்.