துப்பாக்கி ரவை மீள்நிரப்பும் பொருட்களின் தட்டுப்பாடு: பொருளியல் விளக்கம் தேவை

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்குப் பொருளியல் கற்பிக்கும் நான், விலை ஏறியும் நிரம்பல் உடனே கூடாத சந்தைக்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் சுட்ட ரவைக் கோதுகளை மீளநிரப்பும் வேட்டைக்காரர்கள் 2020 முதல் எதிர்கொண்ட தட்டுப்பாட்டைப் பற்றிக் கையேடு எழுதுகையில், ஓரிடத்தில் தடைப்பட்டு நிற்கிறேன்.

பித்தளைக் கோதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் அடியில் பொருத்தும், அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும், சட்டைப் பொத்தானிலும் சிறிய பிரைமர் ஒருமுறை வெடித்தால் முடிந்தது. அதை அமெரிக்காவில் பேரளவில் செய்பவை ஒருசில நிறுவனங்களே. அவை பிரைமர் பொருத்திய முழு ரவைகளையும் தாமே விற்பதால், தனிப் பிரைமர் கடைக்கு வருவது கடைசியில்தான். 2020இல் பெருந்தொற்றோடு கேள்வி (வாங்குவோர் தேவை) எகிற, அதே ஆண்டில் அந்நிறுவனங்களில் ஒன்றான ரெமிங்டன் வங்குரோத்தானது. 2022 முதல் உக்ரேன் போருக்கான பீரங்கிக் குண்டுகளும், கோதில் இடும் புகையற்ற வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோசுக்குப் போட்டியிடுகின்றன. பதுக்கல்தான் காரணம் என்ற வழமையான பதில் எனக்குப் போதவில்லை.

உற்பத்தியாளரின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தேன். அவற்றிலிருந்து பிரைமரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. கனடாவில் வேட்டைக்குப் போகும் மைத்துனரைக் கேட்டேன். அவர் விலையைச் சொல்லிப் புலம்பினாரே தவிர, காரணம் சொல்லவில்லை.

இத்துறையை அறிந்தவர்களிடம் ஒரே கேள்வி: இவ்வளவு விலையேற்றத்தின் பின்னும் புதிய பிரைமர் ஆலைகள் விரைவாக எழாததற்கு முதன்மைக் காரணம் வெடிபொருள் அனுமதியா, முதலீட்டுச் செலவா, அல்லது கேள்வி மீண்டும் சரிந்துவிடும் என்ற அச்சமா?