எஸ்தோனியாவில் ஒருநபர் கம்பெனி: 100 யூரோ அனுப்ப வழி தெரியவில்லை

கோத்தகிரிக்காரி
வணக்கம். வீட்டிலிருந்தபடி செடி, பூச்சிப் படங்கள் வரைந்து விற்கிறேன். வாங்குவது ஜெர்மனியில் இரண்டே பதிப்பகங்கள். ஐரோப்பாவில் கம்பெனி இருந்தால் நல்லது என்று ஆளாளுக்குச் சொன்னதால் எஸ்தோனியாவின் இ-ரெசிடென்சிக்கு (வெளிநாட்டவர் அங்கே இணையவழி கம்பெனி நடத்த அந்த அரசு தரும் டிஜிட்டல் அடையாள அட்டை) விண்ணப்பித்து, டெல்லி வரை போய்க் கைரேகை வைத்து அட்டையும் வாங்கிவிட்டேன். கம்பெனி இன்னும் பதியவில்லை. மூலதனம் 100 யூரோ அனுப்ப இங்குள்ள வங்கிக் கிளைக்குப் போனால், ஃபார்ம் எஃப்சியா (வெளிநாட்டு முதலீட்டுக்கான படிவம்), அது என்ன என்கிறார்கள். "படிப்புச் செலவு என்று போட்டு அனுப்பிடுங்க" என்றார் ஒருவர். செய்யலாமா?

பழைய ஃபாரெக்ஸ் ஆள்
வேண்டாம்மா. தொகை சிறிதானாலும் நீங்கள் வாங்குவது வெளிநாட்டுக் கம்பெனிப் பங்கு. 2022 ஆகஸ்டு விதிகளின்படி அது நேரடி வெளிநாட்டு முதலீடு. தனிநபரும் செய்யலாம், ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள். ஃபார்ம் எஃப்சி கொடுத்து யுஐஎன் (அந்த முதலீட்டுக்கு ரிசர்வ் வங்கி தரும் அடையாள எண்) வந்த பிறகுதான் பணம் போகவேண்டும், பங்கும் உங்கள் பெயருக்கு வரவேண்டும். சின்னக் கிளையில் இது வருடத்துக்கு ஒன்றுகூட வராது, பாவம். கோவையில் அன்னியச் செலாவணி பார்க்கும் கிளைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் ஏபிஆர், அதாவது அந்தக் கம்பெனியின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை, கொடுக்கவேண்டும். எஸ்தோனியாவில் இத்தனை சின்னக் கம்பெனிக்குத் தணிக்கை கேட்கமாட்டார்கள். ஆனால் முழுப் பங்கும் உங்களுடையது என்பதால், ஏபிஆருக்குத் தணிக்கையான கணக்கு வேண்டும். பலர் மாட்டுவது இங்கேதான்.

குன்னூர் மூடுபனி
மூன்று வருடம் நடத்தி மூடியவன் சொல்கிறேன். மூலதனம் பெரிய விஷயமே இல்லை, 2023-லிருந்து ஒரு சென்ட் போட்டும் தொடங்கலாம். செலவெல்லாம் பின்னால் வரும். அந்த ஊரில் முகவரி, தொடர்பு நபர், கணக்காளர், இங்கே ஆடிட்டர்.

லாபத்தை எடுக்காதவரை அங்கே வரி இல்லை என்பது உண்மைதான் (எடுத்தால், எடுக்கும் தொகையில் 22/78 பங்கு வரி). ஆனால் படம் வரைவதும் முடிவெடுப்பதும் கோத்தகிரி வீட்டில். அந்தக் கம்பெனிக்கு இங்கே நிலையான தொழிலிடம் இருக்கிறது என்று சொல்லி நம் வருமான வரித்துறை வரி கேட்க முடியும். வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் நிரப்பவேண்டும். எளிய ஐடிஆர்-4 படிவம் கைவிட்டுப் போகும்.

ஒன்று கேட்கிறேன், தங்கச்சி. கம்பெனி பில்தான் வேண்டும் என்று அந்தப் பதிப்பகங்கள் கேட்டனவா?

கோத்தகிரிக்காரி
இல்லைண்ணா. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

பழைய ஃபாரெக்ஸ் ஆள்
அப்படியானால் உங்கள் பெயரிலேயே பில் போடுங்கள். மொத்த வரவு வருடம் 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம். பணம் வரும்போதெல்லாம் வங்கியிடம் வரவுச் சான்று மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்காரி
இருவரிடமும் எழுதிக் கேட்டேன் சார். உங்கள் பெயரில் பில் போதும் என்றுவிட்டார்கள். அட்டை ஐந்து வருடம் செல்லுமாம், பீரோவில் கிடக்கட்டும். டெல்லி டிக்கெட் காசுதான் வயிறெரிகிறது.