தோஸ்த் பின் ஷாக் அப்சார்பர் மாத்தணும்: ஆயிலா, கேஸா, ஹெவி டியூட்டியா?

மலைப்பாதை லோடு:
வணக்கம்ங்க. அசோக் லேலண்ட் தோஸ்த் ஓட்டுறேன், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. கோத்தகிரி பக்கம் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டியில இறக்குறதுதான் வேலை. கீழ வரும்போது லோடு, மேல போகும்போது பெரும்பாலும் காலி.

லோடு இருந்தா வண்டி நல்லா வருது. காலியா ஏறும்போதுதான் தொல்லை. வளைவுல சின்ன குழி வந்தாலும் பின்பக்கம் துள்ளி வெளிய ஒதுங்குது. துள்ளும்போது பாடிக்கு அடியில "டக்"னு இரும்பு இழுத்து நிக்கிற மாதிரி சத்தம். மழை நேரத்துல பயமாவே இருக்குங்க. இடது ஷாக்ல ஆயில் வழிஞ்சு, மண்ணு ஒட்டி, கீழ் பாதி முழுக்க சேறு மாதிரி இருக்கு. வலது காஞ்சுதான் இருக்கு. பின் டயரைக் கையால தடவினா பட்டன் (ரோட்டைத் தொடற ரப்பர் கட்டைங்க) மேடு பள்ளமா தட்டுப்படுது.

கடையில ஒருத்தர் கம்பெனி ஆயில் டைப்பே போதும்ங்கறார். இன்னொருத்தர் கேஸ், மூணாவது ஆள் ஹெவி டியூட்டி. எதை வாங்கறது? இடது மட்டும் மாத்தினா போதுமா?

திருப்பூர் பனியன் வண்டி:
யோசிக்காம ஹெவி டியூட்டி கேஸ் போடுங்க ப்ரோ. என் பிக்கப்புக்கு அதான் போட்டேன், ஃபுல் லோடுல கல்லு மாதிரி நிக்குது.

பட்டறை அண்ணாச்சி:
தம்பி, இன்னும் காசைக் கட்டிடாதீங்க. பனியன் வண்டி தம்பி சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அவருக்கு எப்பவும் ஃபுல் லோடு. உங்களுக்குத் தொல்லையே காலியா இருக்கும்போதுதான்.

ஷாக் அப்சார்பர் லோடைத் தாங்குற சாமான் இல்லை. லோடைத் தாங்கறது பட்டை, அதாவது அடியில இருக்கற லீஃப் ஸ்பிரிங். பட்டை அமுங்கி எழும்புற ஆட்டத்தை அடக்கறது மட்டும்தான் ஷாக்கோட வேலை. உள்ள பிஸ்டன் ஆயிலைச் சின்ன ஓட்டை வழியா தள்ளுது, ஆட்டம் சூடா மாறி வெளிய போகுது, அவ்வளவுதான். அதனால "லோடு அதிகம், ஹெவி ஷாக் போடு"ங்கறது பாதி பேச்சு. காலி வண்டிக்கு இறுக்கமான ஷாக் போட்டா பின்பக்கம் இன்னும் அதிகமா உதறும்.

மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

பின்பக்கம் பட்டை எத்தனை இருக்கு, பழைய ஓனர் ஏதாவது சேர்த்திருக்காரான்னு எண்ணிப் பாருங்க. புதுசா சேர்த்த பட்டைக்குத் துரு நிறம் வேற மாதிரி இருக்கும்.

அப்புறம் டேப் வெச்சு ஷாக்கோட மேல் போல்ட் நடுவுல இருந்து கீழ் போல்ட் நடு வரைக்கும் அளவெடுங்க. சமதளத்துல காலியா நிறுத்தி ஒருதரம், லோடோட ஒருதரம். இதுதான் முக்கியம், இதை விட்டுட்டு யாரும் ஷாக் வாங்கக் கூடாது.

கடைசியா, கொஞ்சம் மோசமான ரோட்டுல ஓட்டிட்டு வந்து நிறுத்தி, நாலு ஷாக்கையும் தொட்டுப் பாருங்க. சைலன்சர் பக்கம் கை போகாம, மெதுவா. வேலை செய்யற ஷாக் வெதுவெதுன்னு இருக்கும். செத்தது சில்லுன்னு இருக்கும். பின்னாடி ஏறி நின்னு குதிச்சுப் பாக்கறது கார்களுக்குச் சரி. பட்டை வண்டி அவ்வளவு சுலபமா அமுங்காது, அதுல ஒண்ணும் தெரியாது.

மலைப்பாதை லோடு:
அண்ணா, ரொம்ப நன்றிங்க. பார்த்துட்டேன். பட்டையில கீழ ரெண்டு கூட இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே நிறம் வேற. பட்டைகளை நடுவுல கோக்கிற சென்டர் போல்ட்டும் நீளமானது போட்டிருக்காங்க. காலியா இருக்கும்போது அளவு 46.5 செ.மீ. லோடோட 41. இடது ஷாக் சில்லுன்னு இருக்கு. வலது லேசா சூடு, ஆனா முன்பக்கம் அளவுக்கு இல்லை. இடதைக் கழட்டி முழுசா இழுத்துப் பார்த்தேன், 48 செ.மீ. அமுக்கினா 30 வரைக்கும் போகுது. அமுக்கும்போது பாதி தூரம் எதுவுமே தடுக்கல, சும்மா போகுது.

பட்டறை அண்ணாச்சி:
உங்க "டக்" சத்தம் எங்கிருந்து வருதுன்னு இப்ப தெரிஞ்சு போச்சு.

ஷாக் முழுசா விரிஞ்சா 48. காலி வண்டி நிக்கும்போதே 46.5. இன்னும் விரிய மிச்சம் இருக்கறது ஒன்றரை செ.மீ. சக்கரம் ஒரு குழியில இறங்கினா அதைவிட அதிகமா கீழ தொங்கணும். தொங்க விடாம ஷாக் புடிச்சு இழுக்குது, அதான் சத்தம். அந்த நேரம் சக்கரம் ரோட்டை விட்டு எழும்புது, வளைவா இருந்தா வால் ஒதுங்குது. ஒவ்வொரு இழுப்பும் உள்ள ஆயிலை அடைச்சு வெச்சிருக்கற சீலையும், கண்ணுல (போல்ட் மாட்டற வளையம்) இருக்கற ரப்பர் புஷ்ஷையும் தின்னுது. நீங்க எந்தக் கம்பெனி ஷாக் போட்டாலும், கேஸே போட்டாலும், இந்த அளவுல சீக்கிரமே ஆயில் விடும்.

காரணம் அந்த ரெண்டு எக்ஸ்ட்ரா பட்டைதான். பின்பக்கம் தூக்கிட்டு நிக்குது, அதுவும் இறுக்கமா. முதல்ல ஸ்பிரிங் பட்டறைக்குப் போய் அதை எடுத்துடுங்க. பட்டையோட வளைவு போயிருந்தா காம்பர் எடுத்து, அதாவது திரும்ப வளைச்சுத் தரச் சொல்லுங்க. பட்டையை ஆக்சிலோட கட்டற யூ போல்ட் புதுசு போடுங்க, நீண்டு போன பழசைத் திரும்ப முறுக்கக் கூடாது. வண்டி அதோட சொந்த உயரத்துக்கு இறங்கின பிறகு திரும்ப டேப் புடிங்க.

நாமக்கல் பாடி பில்டிங்:
அண்ணாச்சி சொல்றதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். பட்டை சேர்த்தா ஆர்.சி.யில எழுதியிருக்கற எடை அதிகமாயிடாது. 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதுக்கு மேல மலை இறக்கத்துல பிரேக்கோட கதி இருக்கு. பட்டை தாங்கும், பிரேக் தாங்காது.

மலைப்பாதை லோடு:
ஆர்.சி. எடைக்குள்ளதான் ஏத்துவேன் அண்ணா, அதுல சமரசம் இல்லை. பட்டையை எடுத்துட்டேன். இப்ப காலியா 43, லோடோட 36.5. இப்ப எந்த ஷாக்?

பட்டறை அண்ணாச்சி:
அருமை. 48 வரைக்கும் விரியற ஷாக்குக்கு இப்ப 5 செ.மீ. தொங்க இடம் கிடைச்சிடுச்சு. லோடோட 36.5-ல இருந்து 30 வரைக்கும் அமுங்க 6.5 செ.மீ. இருக்கு, அதுக்கு முன்னாடியே பம்ப் ஸ்டாப் ரப்பர் (சேசிஸ்ல ஆக்சில் இடிக்காம தடுக்கற ரப்பர்) தட்டிடணும். ஆக கம்பெனி அளவு ஷாக்கே போதும். நீளமானது, குட்டையானது எதுவும் தேட வேண்டாம்.

ஆயிலா கேஸாங்கறதுக்கு வர்றேன். சாதா ஆயில் ஷாக்ல ரெண்டு குழாய், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெளிக் குழாயில ஆயிலுக்கு மேல காத்து இருக்கும். மோசமான ரோட்டுல விடாம ஓடினா ஆயிலும் காத்தும் கலந்து நுரைக்கும். நுரையில பிஸ்டனுக்குப் பிடிமானம் கிடையாது. அதே ரெண்டு குழாயில காத்துக்குப் பதிலா குறைஞ்ச அழுத்தத்துல நைட்ரஜன் அடைச்சா நுரைக்கிறது குறையும். உங்க மாதிரி மணிக்கணக்கா வளைவும் குழியுமா ஓடுற வண்டிக்கு நான் சொல்றது இதுதான். உங்க மாடலுக்குக் கிடைச்சா வாங்குங்க, இல்லேன்னா நல்ல கம்பெனி ஆயில் டைப்பே போடுங்க, தப்பில்லை.

ஒத்தைக் குழாய் கேஸ் ஷாக்னு இன்னொண்ணு இருக்கு. சூடு சீக்கிரம் வெளிய போகும், வேலை பிரமாதம். ஆனா பிஸ்டன் அந்த வெளிக் குழாய்லயே ஓடறதால, கல்லு தெறிச்சு ஒரு சொட்டை விழுந்தா பிஸ்டன் அங்கயே சிக்கும். தோட்டத்து ஜல்லி ரோட்டுல இறங்குற வண்டிக்கு நான் போட மாட்டேன்.

ரெண்டு பக்கமும் சேர்த்துதான் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பாதி உசிருன்னா பிரேக் புடிக்கும்போது வண்டி கோணும். சேசிஸ் நம்பரைக் காட்டி பார்ட் நம்பர் எடுத்து, பில்லோட வாங்குங்க.

நாமக்கல் பாடி பில்டிங்:
மாட்டும்போது பாதிப் பேர் கெடுக்கறாங்க, அதையும் சொல்லிடறேன். ரெண்டு குழாய் ஷாக் கடையில படுக்கப் போட்டு வெச்சிருப்பாங்க, உள்குழாயில காத்து ஏறியிருக்கும். மாட்டறதுக்கு முன்னாடி நிமிர்த்திப் புடிச்சு, முழுசா இழுத்து முழுசா அமுக்கி, தடை ஒரே சீரா வர்ற வரைக்கும் பண்ணுங்க. பெரும்பாலும் இழுக்கும்போது இறுக்கமாவும் அமுக்கும்போது லேசாவும் இருக்கும், பயப்படாதீங்க.

அந்தப் பளபளப்பான ராடை ஒருநாளும் பிளையரால புடிக்க விடாதீங்க. ஒரு கீறல் போதும், மேலும் கீழும் போற ஒவ்வொரு தடவையும் அது சீலை அறுக்கும். போல்ட்டை முதல்ல கையால மாட்டிட்டு, வண்டியை ஜாக்கியில இருந்து இறக்கி, நாலு டயரும் தரையில நின்ன பிறகு கடைசி முறுக்கு குடுங்க. தொங்கும்போதே முறுக்கினா புஷ் முறுக்கின நிலையில உக்காந்து சீக்கிரம் கிழியும்.

மலைப்பாதை லோடு:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. கேஸ் அடைச்ச ரெண்டு குழாய் டைப்பே கிடைச்சுது, மாட்டியாச்சு. அந்த "டக்" சத்தம் இல்லை. கடைசி ஒரு சந்தேகம்: முன்பக்க ஷாக் சூடாத்தான் இருக்கு, மேல லேசா ஆயில் ஈரம் மட்டும் படர்ந்திருக்கு. அதையும் இப்பவே மாத்தணுமா?

பட்டறை அண்ணாச்சி:
லேசான ஈரம் கசிவு இல்லை, ராடோட மேல வர்ற ஆயில் படலம்தான். துடைச்சு விட்டுட்டு ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. சொட்டு இறங்கியிருந்தா ரெண்டையும் மாத்துங்க, தள்ளிப் போடாதீங்க. உங்க வண்டிக்கு முன்னாடி இருக்கறது பாராபோலிக் பட்டை (நடுவுல தடிச்சு, முனையில மெலிஞ்சது), பட்டைக்குப் பட்டை உரசல் கம்மி. பின்னாடி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின கட்டுப் பட்டையில அந்த உரசலே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கிடும். முன்னாடி அந்த உதவி கம்மி, பெரும்பாலும் ஷாக்தான் பார்த்துக்கணும். பின் டயர் மேடு பள்ளத்தையும் அப்படியே விடாதீங்க, ஷாக் மாத்தினாலும் அது தானா சரியாகாது. ரொம்ப ஆகலேன்னா அலைன்மென்ட் பார்த்து டயரை இடம் மாத்திப் போடுங்க.