ஞாயிற்றுக்கிழமை மரபுகளைப் பற்றிய குழு ஓவியக் கண்காட்சி: எதை வரைவது, எப்படி வரிசைப்படுத்துவது?

கேள்வி – இராயபுரம் ஓவியர்

வணக்கம். இராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பகுதிகளைச் சேர்ந்த ஓவியர்கள் சிலர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மரபுகளைக் கருவாகக் கொண்டு ஒரு குழுக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். படங்களில் இடம்பெறும் மக்களே நடந்து வந்து பார்க்க வேண்டும் என்பதால், கலைக்கூடங்களைத் தேடிப் போகாமல் எங்கள் பகுதியின் சமுதாயக் கூடத்தையே தேர்ந்தெடுத்துள்ளோம்.

முதல் வரைவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒரே படத்தின் பல வடிவங்களாக இருந்தன: வாழையிலை, ஆட்டுக்கறிக் குழம்பு, தூர்தர்ஷனின் ஞாயிறு மாலைத் திரைப்படத்துக்காக ஒரே வீட்டில் கூடியிருக்கும் தெரு. இவை அனைத்தும் எங்கள் வாழ்வில் நடந்தவையே. எங்களில் யாரும் அவற்றைப் பொய்யாக வரையவில்லை. ஆயினும் சுவர் முழுவதும் இதே ஏக்கம் நிறைந்தால், இன்றைய ஞாயிறு எங்கே என்று இளைஞர்கள் கேட்பார்கள். எவற்றைச் சேர்க்கலாம், எந்த வரிசையில் வைக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – ஓவிய ஆசிரியர், திருவொற்றியூர்

நினைவிலிருந்து வரைவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, அனைவரும் வரைவேட்டுடன் ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லுங்கள். வஞ்சிரமும் சங்கராவும் ஏலம் போகும் இரைச்சல், பனிக்கட்டிப் பெட்டிகளைத் தூக்கிச் செல்பவர்கள், வாங்கிய மீனைக் கூலிக்கு வெட்டிக் கொடுக்கும் பெண்கள், நகரின் மறுகோடியிலிருந்து பையுடன் வந்து நிற்கும் குடும்பங்கள் ஆகியவற்றை நேரில் பார்த்தால், மதியச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் எத்தனை பேருடைய காலைப்பொழுது இருக்கிறது என்பது கையில் தானாக வரும்.

இதில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. அதே இடத்தில் நின்று, தடைக்காலத்து ஞாயிறு ஒன்றையும் மற்றொரு ஞாயிற்றையும் ஒரே அளவில் வரைந்து அருகருகே வையுங்கள். கட்டிக் கிடக்கும் படகுகளும் குறைந்துபோன கூட்டமும், மரபு என்பது கடலையும் சட்டத்தையும் கூலியையும் நம்பி நடப்பது என்பதை விளக்கக் குறிப்பு ஏதுமின்றிக் காட்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமையை வரைந்தவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா. பாரிஸ் அருகே சேன் ஆற்றுத் தீவொன்றில் ஓய்வெடுக்கும் மக்களை 1884 முதல் 1886 வரை, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஒரே திரையில் அவர் தீட்டினார். அதற்காக அந்தத் தீவுக்குத் திரும்பத் திரும்பச் சென்று எண்ணற்ற சிறு வரைவுகள் எடுத்தார். அத்தனை மனிதர்கள் இருந்தும் பெரும்பாலானோர் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஓய்வுநாளைக் கூர்ந்து பார்த்தால் கொண்டாட்டம் மட்டுமே தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் அறிந்ததில்லை.

மறுமொழி – கன்னியாகுமரி மாவட்ட வாசகர்

காசிமேட்டைப் பற்றிப் படித்ததும் எங்கள் கரையை எண்ணிக்கொண்டேன். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிறு என்றால் கடலுக்குப் போகாத நாள். வள்ளங்கள் மணலில் ஏறி நிற்க, காலையில் திருப்பலியும் சிறுவர்களுக்கு மறைக்கல்வியும் நடக்கும். ஒரே தொழில் செய்யும் மக்களுக்கு ஓரிடத்தில் அது வியாபாரம் உச்சம் தொடும் நாள், மற்றோரிடத்தில் கடலை விட்டுவைக்கும் நாள். இராயபுரத்திலும் தேவாலயங்கள் உள்ளனவே. வழிபாடு முடிந்து நேராக மீன் வாங்கச் செல்பவர்களையாவது உங்கள் ஓவியர்களில் ஒருவர் வரைய வேண்டும்.

மறுமொழி – பெரம்பூர், மில் தொழிலாளியின் மகள்

உழைப்பவர்களை வரைய வேண்டும் என்று ஆசிரியர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எல்லாப் படங்களையும் துயரமாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னி ஆலையில் வேலை செய்த என் அப்பாவுக்கு ஞாயிறு என்பது கேரம் பலகையைச் சுற்றிய நாள். வடசென்னைக்கே உரிய அந்தக் கேரம் மன்றங்களையும், மாலையில் தெருவில் நடக்கும் மட்டைப்பந்தாட்டத்தையும் விட்டுவிட்டால் கண்காட்சி எங்கள் ஊருடையதாகவே இருக்காது. அதே நாளில் என் அம்மா வாரத்தின் மற்ற நாட்களைவிட அதிகமாக அடுப்படியில் நின்றார் என்பதையும் மறைக்க வேண்டாம். மசாலா அரைத்த அம்மியும் அந்த மகிழ்ச்சியின் பகுதிதான்.

இந்த விடுமுறை தானாக வந்ததும் அன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடியதன் பயனாக 1890இல் அங்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வுக்கு இடமளித்தது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும் இதே மண்ணில்தான். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைக் கடற்கரையில் நாள்தோறும் கடந்து போகிறோம். அந்த உழைப்பாளி ஓய்வெடுக்கும் நாளை வரைய வேண்டியவர்கள் நீங்கள்தான்.

மறுமொழி – கண்காட்சி அமைப்புப் பணியாளர்

வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓவியர் வாரியாகத் தொங்கவிடாமல் நேர வாரியாக வையுங்கள்: நுழைவாயிலில் விடியற்காலைத் துறைமுகம், உள்ளே சமையலும் சாப்பாடும், பின்சுவரில் கேரமும் பிற்பகல் உறக்கமும், வெளியேறும் இடத்தில் மாலை. சமுதாயக் கூடச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடைப்பது கடினம் என்பதால் சவுக்குக் கம்பங்களை நட்டுக் கம்பி கட்டிக்கொள்ளலாம். படத்தின் மையம் தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில் இருந்தால் பெரியவர்கள் நின்றபடி பார்க்க வசதி. சிறுவர்கள் வருவார்கள் என்பதால் சில சிறிய படங்களைத் தாழ்வாக வையுங்கள். நீர்வண்ண ஓவியங்களை வெயில் நேராக விழும் சன்னல் எதிரே வைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேர வரிசையை ஏற்றுக்கொண்டோம். வாழையிலைப் படங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் காசிமேட்டுக்கும் கேரம் மன்றங்களுக்கும் சென்று புதிதாக வரைவது என முடிவாகியுள்ளது. தடைக்காலத்து இணை ஓவியத்தை நான் வரைகிறேன்; அதற்காகக் கண்காட்சியை ஜூலைக்குத் தள்ளிவைக்கிறோம். அடுப்படி ஞாயிற்றைத் தீட்ட எங்கள் குழுவிலுள்ள பெண் ஓவியர் ஒருவர் முன்வந்திருக்கிறார். மில் தொழிலாளியின் மகளான வாசகர் தம் அம்மாவைப் பற்றி இன்னும் சற்று விரிவாக எழுதினால் அவருக்குப் பேருதவியாக இருக்கும்.