கலைச்சொல் தேவை: ரிம்ஃபயர் ரைபிளில் தோட்டா ‘ஊட்டம்’

மொழிபெயர்ப்பாளரின் மடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ரிம்ஃபயர் தோட்டாவை, அதாவது அடிவிளிம்பில் ஊசி அடிப்பதால் வெடிக்கும் தோட்டாவைச் சுடும் அரைத்தானியங்கி ரைபிள் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். பழுது அட்டவணையின் முதல் கட்டம் குறுகலானது என்பதால் அங்கே நீண்ட விளக்கத்துக்கு இடமில்லை. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினிலிருந்து தோட்டா, அது வெடிக்கும் அறையாகிய சேம்பருக்குள் ஒழுங்காகப் போய்ச் சேராத பழுதுக்கு, ஆங்கிலத்தின் ‘ஃபீட்’ என்ற சொல்லை ஒட்டி, ‘ஊட்டக் குறை’ என்று வரைவில் இட்டதைக் கண்ட மெய்ப்புத் திருத்துநர், சத்துணவுத் துண்டறிக்கையின் பக்கம் ஏதேனும் இடையில் கலந்துவிட்டதா என்று கேட்கிறார். ‘ரிம்ஃபயர்’ என்பதற்கும் ஒரு சொல் கிடைத்தால் நலம்.

இலக்கண ஆசிரியரின் மறுமொழி

ஐயா, குறை வேர்ச்சொல்லில் இல்லை, ஈற்றில்தான் இருக்கிறது. ‘உண்’ என்பதன் பிறவினை ‘ஊட்டு’. ஊட்டம் விளைவைக் குறிக்கும். ஊட்டல் செயலைக் குறிக்கும். ‘பின்னூட்டம்’ வழக்கில் வேரூன்றிய பிறகு, எந்திரம் ஊட்டுமா என்று ஐயுறுவாரும் இலர். ஆகவே ‘ஊட்டல் தடை’ என்க.

ஆனால் மேகசினை மேகசின் என்றே ஏன் விட வேண்டும்? அம்பறாத்தூணி என்பதை அம்பு, அறா, தூணி எனப் பிரித்தால், இடையில் நிற்கும் ‘அறா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அம்பு தீராத கூடு என்பது பொருள். நம்பகத்தன்மை என்று நாம் நீட்டி முழக்குவதை முன்னோர் இரண்டெழுத்தில் முடித்துவிட்டனர். எனவே மேகசின் ‘தூணி’ ஆகட்டும்; தவறாது ஊட்டும் திறன் ‘அறாவூட்டு’ ஆகட்டும். குழல்வடிவ மேகசினுக்கு ‘ஆவநாழிகை’ இருக்கவே இருக்கிறது; நாழி என்றாலே உட்டுளையுள்ள குழல்தானே.

ரிம்ஃபயருக்கு ‘விளிம்புவெடி’ பொருந்தும்.

துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் மறுமொழி

தூணி என்பது நான்கு மரக்கால் கொண்ட முகத்தலளவையும் ஆகும். பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டிக்கு அது சற்றுப் பெரிது.

‘விளிம்புவெடி’யை நான் ஏற்க இயலாது. இவ்வகைத் தோட்டாவில் தீமூட்டும் கலவை அடிப்பாகத்தின் நடுவில் இல்லாமல், மடித்த விளிம்பின் உட்புறத்தில் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பைச் சேம்பரின் ஓரத்தோடு வைத்து நசுக்குவதால் தீப்பற்றுகிறது. நசுங்க வேண்டும் என்பதற்காகவே அங்கே பித்தளை மெல்லியதாக இருக்கிறது. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் முழுதாக மூடாத நிலையில் தோட்டா வெடித்தால் அந்த விளிம்பு உண்மையாகவே பிளந்துவிடும். கையேட்டில் அது தனியொரு பழுது, அதுவும் கண்ணுக்கு ஆபத்தான பழுது. துப்பாக்கியின் வகைக்கும் அதன் விபத்துக்கும் ஒரே பெயரா? விளிம்பில் அடிபடுவதால் ‘விளிம்படி’ என்பதே போதும்.

இனி ஊட்டலுக்கு வருகிறேன். 1887 முதல் வழங்கிவரும் புள்ளி இருபத்திரண்டு லாங் ரைபிள் தோட்டாவின் உடல் ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர், விளிம்போ 7 மில்லிமீட்டர். பெட்டி மேகசினில் இவற்றை அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் அமைந்துவிட்டால், போல்ட் முன்னே தள்ளும்போது ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு இரண்டும் நகரா. 1964இல் வந்த ரூகர் 10/22 ரைபிளின் சுழல் மேகசினில் ஒவ்வொரு தோட்டாவும் தனிப் பள்ளத்தில் கிடப்பதால் இந்தத் தொல்லையே எழுவதில்லை. குழல் மேகசினிலும் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால் எழாது.

வேறொரு பழுதில், மேகசினின் உதடு வளைந்திருப்பதால், மென்மையான ஈயக் குண்டின் முனை சேம்பர் வாயின் மேலோரத்தில் முட்டி நசுங்கி நிற்கும். மற்றொன்றில், ஒலியினும் மெதுவாகச் செல்லும் தோட்டாவின் உந்துவிசை போதாமல் போல்ட் முழுதும் பின்வாங்காது; அடுத்த தோட்டாவை எடுக்காமலே வெறும் சேம்பரின்மேல் மூடிவிடும். இங்கே மேகசின் குற்றமற்றது.

மெழுகும் ஈயத்துகளும் எரியாத வெடிமருந்தும் படிந்த சேம்பரில் தோட்டா கடைசி மயிரிழை நுழையாமல் நிற்பதே எல்லாவற்றிலும் ஏமாற்றுவது. ஊசியின் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். விளிம்பில் ஒரு மங்கலான தடம் மட்டும் விழும். மறுபடி அடித்தால் வெடிக்கும். பலர் தோட்டாவையே பழிக்கின்றனர். தூரிகையிட்டுச் சேம்பரைத் துடைத்தால் போதும்.

ஆகையால் ‘ஊட்டல் தடை’ தலைப்பாக இருக்கட்டும். அதன்கீழ்க் கண்ணால் காண்பதைப் பெயராக்குங்கள்: விளிம்புப் பிணக்கு, முனை முட்டல், வெறும் பூட்டல், அரை நுழைவு. வெளியேறும் வாயிலில், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது நட்டுக்கொண்டு நிற்பது ‘கோது நிற்றல்’. ஆங்கிலத்தின் ‘ஸ்டவ்பைப்’ என்ற பெயரைப் பார்த்துப் புகைபோக்கி என்று எழுதிவிட வேண்டாம்.

தனித்தமிழ் அன்பர் ஒருவரின் மறுமொழி

பழுதுகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிவிட்டு மேகசின், போல்ட், சேம்பர் ஆகிய மூன்றையும் வைத்துக்கொள்வது, வீட்டைப் பெருக்கிவிட்டு வாசலில் குப்பையைக் குவிப்பது போன்றது. ஈழத்தில் மேகசினுக்கு ரவைக்கூடு என்ற சொல் புழங்குகிறதே. அதையேனும் எடுத்துக்கொள்ளக் கூடாதா?

மொழிபெயர்ப்பாளரின் மறுமொழி

‘ரவைக்கூடு’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இந்நூல் முழுதும் தோட்டா என்றே வருகிறது. ஆகவே ‘தோட்டாக்கூடு’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் மேகசின் என்பதையும் சேர்க்கிறேன். ரைபிளைக் கையில் வைத்திருப்பவர் நாடுகிற சொல் கிடைக்காமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் போல்டும் சேம்பரும் நிற்கும். ஊட்டல் தடையும் அதன் உட்பிரிவுகளும் அப்படியே அட்டவணைக்குப் போகின்றன. ‘விளிம்படி’யை இதுவரை மூவர் ஆதரித்திருக்கின்றனர், மற்றவர் களைத்துவிட்டனர் என்று கொள்கிறேன்.

இலக்கண ஆசிரியரின் மறுமொழி

நான் களைக்கவில்லை. ‘விளிம்படி’ என்பதை விளிம்பினது அடிப்பகுதி என்று படிப்பவரை எந்த விதி கொண்டு தடுப்பீர்? பிணக்கு என்பது ஊடல். பித்தளைக்கு அது எதற்கு? ‘பிணைவு’ என்று திருத்துக. அட்டவணையில் இடமில்லையெனில், நூலின் இறுதிச் சொல்லடைவிலேனும் தூணியும் அறாவூட்டும் இடம்பெற வேண்டும் என்ற என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன். அம்பறாத்தூணியின் ‘அறா’ பற்றித் தனி மடல் வரும்.