பதிவிழைப்பு: 'எக்ஸ்போஷர் பிளெண்டிங்' என்பதற்கு ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காட்டு ஓடைகளைப் படமெடுப்போர் ஒரே காட்சியை வெவ்வேறு அமைப்புகளில் பல முறை எடுத்து, பின்னர் அவற்றிலிருந்து ஒரே படத்தை உருவாக்கும் 'எக்ஸ்போஷர் பிளெண்டிங்' முறைக்கு இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: வெளிப்பாட்டுக் கலவை, ஒளியூட்டக் கலப்பு, பல்லொளிச்சேர்க்கை. மூன்றும் எனக்கு நிறைவு தரவில்லை. மூன்றாவதை முதலில் விலக்கிவிடலாம். ஒளிச்சேர்க்கை என்பது இலை உணவு தயாரிக்கும் வினைக்குப் பள்ளிப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட பெயர். அதுவும் காட்டுப் படத்தைப் பற்றிய கட்டுரையில் அச்சொல் வந்தால் வாசகர் மரங்களின் வேலையைத்தான் நினைப்பாரேயன்றிப் படமெடுப்பவரின் வேலையை அல்ல. 'ஒளியூட்டம்' விளக்கு அமைப்பவர்களுக்கு உரிய சொல். சோலைக்குள் முக்காலியோடு நிற்பவர் எதற்கும் ஒளியை ஊட்டுவதில்லை; இலைகளுக்கிடையே கசிந்து வருவதை வாங்கிக்கொள்கிறார், அவ்வளவே.

'வெளிப்பாடு' என்பதில் உள்ள சிக்கல் சற்று ஆழமானது. உள்ளே இருப்பது புறத்தே வருவதையே அச்சொல் குறிக்கும். உணர்ச்சி வெளிப்பாடு, எதிர்ப்பின் வெளிப்பாடு என்றெல்லாம் எழுதுகிறோம். கேமராவிலோ நடப்பது இதற்கு நேர் எதிரானது, அதாவது வெளியே இருக்கும் ஒளி உள்ளே வருவது. இதைவிட முக்கியமானது, எக்ஸ்போஷர் என்ற ஒரே சொல்லை நாம் அன்றாடம் மூன்று பொருள்களில் வழங்குகிறோம் என்பது. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் உணரியின் மீது ஒளி விழும் நிகழ்ச்சி ஒன்று. அப்படி விழுந்த ஒளியின் அளவு மற்றொன்று. அந்நிகழ்ச்சியால் கிடைத்த படச்சட்டம் மூன்றாவது. 'எக்ஸ்போஷர் கொடுக்கும்போது கேமரா அசைந்துவிட்டது' என்பதில் முதற்பொருளும், 'எக்ஸ்போஷர் கூடிவிட்டது' என்பதில் இரண்டாம் பொருளும், 'மூன்று எக்ஸ்போஷர் எடுத்தேன்' என்பதில் மூன்றாம் பொருளும் உள்ளன. ஒன்றோடொன்று சேர்க்கப்படுவது மூன்றாவது மட்டுமே. நிகழ்ச்சியையோ அளவையோ எவரும் பிறகு மேசையில் அமர்ந்து சேர்க்க முடியாது. ஆகவே நமக்கு வேண்டிய கூட்டுச்சொல்லின் முதற்பகுதி படச்சட்டத்தைச் சுட்டுவதாக இருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான கருத்து.

இதை ஒரு நடைமுறை எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நீலகிரிச் சோலைக்காட்டில் ஓர் ஓடை, மேகமூட்டமான காலை, ஈரப் பாறையிலும் இலையிலும் உள்ள பளபளப்பை நீக்க லென்சில் போலரைசர் பொருத்தியிருக்கிறோம். அப்பர்ச்சர் (லென்சின் திறப்பு) எஃப் 11, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் அளவு) 100 என்று வைத்தால் ஷட்டர் நேரம் (ஒளி உள்ளே விழும் நேரம்) அரை நொடி வருகிறது என்று கொள்வோம். அந்த அரை நொடியில் நீர் பட்டுநூல் போல விழுந்து அழகாகிவிடும். ஆனால் ஓடையின் மேல் தாழ்ந்திருக்கும் கிளையின் செந்தளிர்கள் காற்றில் ஆடி, வெறும் சிவப்புத் தீற்றலாகிவிடும். எனவே முக்காலியை அசைக்காமல், ஐ.எஸ்.ஓ.வை 3200ஆக உயர்த்தி, நொடியில் 60இல் ஒரு பங்கு நேரத்தில் இன்னொன்று எடுக்கிறோம். தளிர்கள் கூர்மையாகவும், நீர் உறைந்த திவலைகளாகவும் விழும். இலைகளை இரண்டாவதிலிருந்தும் நீரை முதலாவதிலிருந்தும் எடுத்து ஒன்றாக்குகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது: இரண்டு படங்களும் பார்வைக்கு ஒரே அளவு வெளிச்சமாக இருக்கும். உணரி வாங்கிய ஒளி 32இல் ஒரு பங்காகக் குறைந்திருந்தாலும், ஐ.எஸ்.ஓ. உயர்வு அதை ஈடுசெய்துவிடுகிறது. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு காலத்தில் இருக்கிறது, வெளிச்சத்தில் இல்லை. இலைக்கூரையின் இடைவெளியில் வானம் வெளுத்துப் போகாமலிருக்க, ஐ.எஸ்.ஓ.வை 100க்கே இறக்கி, ஒளியை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, 15இல் ஒரு பங்கு நொடியில் மூன்றாவது ஒன்றையும் எடுத்தோமானால், அது மட்டுமே வெளிச்சத்தால் வேறுபட்டது. ஆகவே ஒளியின் அளவைக் குறிக்கும் எந்தச் சொல்லை முதலில் வைத்தாலும், அது வானத்துக்குப் பொருந்தும், ஓடைக்குப் பொருந்தாது.

படச்சட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது 'பதிவு'. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு என்று அச்சொல் இந்தத் துறையில் ஏற்கெனவே வேரூன்றியுள்ளது. 'மூன்று பதிவுகள் எடுத்தேன்' என்றால் எவருக்கும் அகராதி தேவைப்படாது. மற்ற இரு பொருள்களுக்கு 'ஒளியேற்பு' என்பதைக் கொள்ளலாம். மிகை ஒளியேற்பு, குறை ஒளியேற்பு என்று அது எளிதில் விரியும். விழித்திரைச் செல்களை ஒளியேற்பிகள் என்று உயிரியலில் எழுதுவதோடும் இது உறவு கொள்கிறது.

இனி இரண்டாம் பகுதி. 'கலவை', 'கலப்பு' ஆகியவை பாலும் நீரும் போல எங்கும் சமமாகச் சேர்வதைக் குறிக்கின்றன. நாம் செய்வது அதுவன்று. பெரும்பாலான இடங்களில் ஒரே ஒரு பதிவு மட்டுமே தெரியும். இரண்டும் சேர்வது எல்லையோரத்தில்தான், அங்கும் ஒன்று மெல்லத் தேய்ந்து மற்றது மெல்ல வளரும். கைதேர்ந்தவர்கள் அந்த எல்லையை அசையாத பாறையின் மீதோ இருண்ட நிழலின் மீதோ கொண்டுபோய் வைப்பார்கள். இலைகளுக்கு இடையே நீர் தெரியும் இடங்களில்தான் பாடு அதிகம்: இலையைக் கூர்மையான பதிவிலிருந்து எடுத்தால், அதன் இடுக்கில் தெரியும் உறைந்த நீரும் கூடவே வந்துவிடும். அதை ஒவ்வொரு இடுக்காகத் துடைக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இந்த வேலைக்கு 'இழைப்பு' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. தச்சர் பலகையை இழைப்பதும், நகையில் கல் இழைப்பதும், தம்புராவின் சுருதியோடு பாடுபவரின் குரல் இழைவதும், கையோ காதோ தடுக்காதபடி ஒன்றைப் பொருத்துவதையே காட்டுகின்றன. பதிவு, இழைப்பு இரண்டையும் சேர்த்தால், பதிவேடு என்பது போலவே உகரம் கெட்டுப் பதிவிழைப்பு என்று புணரும். 'பதிவுகளை இழைத்தேன்', 'இழையாத ஓரம்', 'இழைப்பு மறைப்பு' என்று வினையாகவும் அடையாகவும் வளைந்துகொடுக்கும். 'இழைப்பு மறைப்பு' என்பதில் வரும் மறைப்பு, மென்பொருள்களில் மாஸ்க் எனப்படுவது. அதை முகமூடி என்று மொழிபெயர்ப்பவர்களை மன்னிக்கலாம், பின்பற்ற வேண்டாம்.

கணினி தானாகச் செய்யும் 'எக்ஸ்போஷர் ஃப்யூஷன்' முறைக்குத் தனிச்சொல் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்தது. மெர்ட்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 2007இல் வெளியிட்ட அந்த முறை, ஒவ்வொரு புள்ளியிலும் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்), நிறச்செறிவு, நடுத்தர வெளிச்சம் ஆகிய மூன்றையும் அளந்து, சிறந்ததற்கு அதிக எடை கொடுக்கிறது. வானத்தின் சிக்கலை அது நன்றாகவே தீர்க்கும். ஆனால் நம் ஓடையில் அதற்கு மாறுபாடு மிகுந்த உறைந்த திவலைகளே சிறந்தவையாகத் தோன்றும்; நாம் வேண்டாமென்று ஒதுக்குவதையே அது நாடும். எது நீர், எது இலை என்று அதற்குத் தெரியாது. செயல் ஒன்றே, செய்வது யார் என்பதே வேறுபாடு என்பதால் 'தானியங்கிப் பதிவிழைப்பு', 'கைப் பதிவிழைப்பு' என்ற அடைமொழிகள் போதும். ஃப்யூஷனுக்கு 'இணைவு' என்று வைத்தால் அணுக்கரு இணைவோடு வீண் குழப்பம் வரும்.

இந்த வேலை கணினியோடு பிறந்ததன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெகட்டிவ் எடுக்கப் பயன்பட்ட கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்ச்சி காட்டியதால், கடலுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் வானம் வெறுமையாகிப் போனது. பிரான்ஸின் ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் கடலுக்கு ஒரு நெகட்டிவும் பயன்படுத்தி, அடிவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். அதையும் பதிவிழைப்பு என்றே அழைக்கலாம். மென்பொருளின் பெயரோடு ஒட்டாத சொல் நமக்குத் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். பதிவு என்றாலே எனக்குச் சார்பதிவாளர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. இழைத்தல் என்றால் அநீதி இழைத்தல். இரண்டையும் சேர்த்தால் போலிப் பத்திரம் போல ஒலிக்கிறது. விளையாட்டு ஒருபுறம் இருக்க, உண்மையான ஐயம் ஒன்று உண்டு. ஃபிலிம் காலத்தில் ஒரே சட்டத்தின் மீது இரு முறை எடுப்பதையும் பல எக்ஸ்போஷர் என்றே சொல்வோம். இரட்டை வேடக் காட்சிக்கு லென்சின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை எடுப்பார்கள். அதுவும் பதிவிழைப்புத்தானா?

மறுமொழி:

அம்மா, பத்திரப்பதிவு நகைச்சுவையை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அநீதியை நாம் ஒருவருக்கு இழைக்கிறோம், பதிவுகளை ஒன்றோடொன்று இழைக்கிறோம், வேற்றுமை உருபே பொருளைப் பிரித்துவிடும். தங்கள் ஐயம் சரியானது. அங்கே தனித்தனிப் பதிவுகள் இல்லை. ஒரே சட்டத்தின் மீது ஒளி இரு முறை ஏற்கப்படுகிறது. ஆகவே அதற்கு 'இரட்டை ஒளியேற்பு' என்பதே பொருந்தும். பதிவிழைப்பு என்பதில் அதைச் சேர்க்க வேண்டாம். ஒரே காட்சியை ஒளியின் அளவைப் படிப்படியாக மாற்றிப் பல முறை எடுக்கும் 'பிராக்கெட்டிங்' என்பதற்கு 'படிநிலைப் பதிவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழு உடன்பாடு இல்லை. தங்களிடம் வேறு சொல் இருந்தால் அதையே பட்டியலில் ஏற்றிவிடலாம்.